வானலைப் பங்கீடு

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்து, கையிலே ஒரு சிறு வானொலிப் பெட்டியையும் வைத்திருப்பவர் ஒரு விந்தையைக் காண்பார். பாதை முகட்டிலே ஏறும்போது நாலைந்து நிலையங்கள் போட்டியிட்டு ஒலிக்கும். ஒரு வளைவு திரும்பியதும் குரல் கரகரக்கும். அடுத்த பள்ளத்தில் இறங்கியதும் எல்லாம் அடங்கிவிடும். ஒரே தோட்டத்திலே மேற்கணக்கு லயத்தில் காலைச் செய்தி தெளிவாகக் கேட்கும். கீழ்க்கணக்கு லயத்திலோ இரைச்சலைத் தவிர வேறொன்றுங் கேளாது.

இதற்குக் காரணம் என்ன? மலை மறைக்கிறது என்பது ஒரு விடை. அது உண்மையே, ஆயினும் முழு உண்மையாகாது. எந்த மலையுச்சியில் ஒலிபரப்பியை நிறுவுவது, அதனை எவ்வளவு வலுவில் இயக்குவது, எந்தப் பள்ளத்தாக்கு வரையில் கேட்கச் செய்வது என்பவற்றையெல்லாம் மனிதரே முடிவு செய்கின்றனர். அம்முடிவுகளுக்கு ஆதாரமாய் இருப்பது அனுமதிப்பத்திரம் என்னும் ஒரு தாள். எண்முறை வானொலி என்ற புதிய முறை உலகிற் பரவிவரும் இந்நாளில், அந்தத் தாளில் எழுதப்படுவது தேயிலை மலைகளில் வாழ்வோருக்கு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

தோட்டத்துப் பீலியை அறியாதவர் மலைநாட்டில் இல்லை. மேலே காட்டோரத்தில் ஓர் ஊற்று. அங்கிருந்து இறங்கிவரும் நீர் பல லயங்களுக்குப் பொது. ஒவ்வொரு வீட்டாரும் தமக்கெனத் தனிக்குழாய் இழுக்கத் தொடங்கினால் ஒருவருக்கும் குடம் நிறையாது. ஆதலால் ஒரு முறை வேண்டும். அம்முறையைக் காக்கும் ஒருவரும் வேண்டும். வானலைகளும் இத்தகையனவே. பண்பலை வானொலிக்கு நம் நாட்டில் உள்ள இடம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு குறுகிய பட்டையே ஆகும். ஒரே வட்டாரத்தில் இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையிற் பேச முற்பட்டால் இரண்டு குரலுங் குலைந்துபோகும். எனவே, பங்கிட்டுக் கொடுப்பதற்கு ஓர் அதிகாரம் வேண்டும். அந்தப் பங்கீடு நீதியாய் நடைபெறுகின்றதா என்று பார்ப்பதற்குச் சட்டம் வேண்டும்.

இலங்கையில் முறையான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பிலே தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பவரின் முயற்சியே அதற்கு அடிப்படை. அக்காலத்தில் ஒலிபரப்புவது அரசாங்கத்தின் வேலை. எனவே, அனுமதிப்பத்திரம் என்றால் அது கேட்பவருக்கு உரியதாயிருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறுங் கட்டணஞ் செலுத்தி அதனைப் பெறவேண்டும். பிற்காலத்தில் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. இன்று கேட்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. ஒலிபரப்புவதற்கே அனுமதி வேண்டும்.

இந்த மாற்றம் ஒரு நாளில் வந்ததன்று. இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டுப் படைகள் கொழும்பில் அமைத்த வானொலி, போர் முடிந்தபின் நம் அரசாங்கத்தின் கைக்கு வந்து, 1949இல் ‘இலங்கை வானொலி’ உருவாவதற்கு வழிசெய்தது. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் அதனைக் கூட்டுத்தாபனமாக்கிற்று. 1967 ஜனவரி 5ஆம் நாள் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கியது. அச்சட்டத்தின் 44ஆம் பிரிவு, தனியார் ஒலிபரப்பு நிலையம் அமைப்பதற்கு அமைச்சர் அனுமதிப்பத்திரம் வழங்கலாம் என்று கூறுகின்றது. அந்தப் பிரிவு நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1990களிலேதான் அந்தக் கதவு திறந்தது. 1998இல் சூரியன், சக்தி என்னும் தமிழ்த் தனியார் வானொலிகள் ஒலிக்கத் தொடங்கின. தோட்டத்து இளைஞர்களின் காதுக்குப் புதிய குரல்கள் எட்டின.

இன்று தனியார் நிலையம் ஒன்றைத் தொடங்க விரும்புவோர் இரண்டு வாசல்களில் நிற்கவேண்டும். முதலாவது, ஒலிபரப்பும் உரிமையை வழங்கும் அமைச்சின் வாசல். இரண்டாவது, அலைவரிசையை ஒதுக்கிக் கொடுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வாசல். இந்த ஆணைக்குழு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்திற்கு 1996இற் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்மூலம் அமைந்தது. அலைவரிசை ஒன்றோடொன்று மோதாமற் காப்பது அதன் பணி. ஆனால், யார் பேசலாம், யார் பேசலாகாது என்பதைப் பகிரங்கமாக விசாரித்து முடிவுசெய்யும் சுதந்திரமான ஒலிபரப்பு ஆணைக்குழு ஒன்றுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. அவ்வதிகாரம் அமைச்சரின் கையிலேயே உள்ளது.

கொடுக்கும் கை எடுக்கவுங் கூடும். 2007 அக்டோபரில், பொய்யான செய்தியொன்றை ஒலிபரப்பியதாகக் கூறி, ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த ஐந்து வானொலிகளின் உரிமத்தை அரசாங்கம் நீக்கியது. அவற்றுள் ஒன்று தமிழ் வானொலி. பின்னர் அவை மீண்டும் ஒலித்தன. செய்தி தவறா, தண்டனை தகுமா என்ற வாதம் ஒருபுறமிருக்கட்டும். ஒரு கையெழுத்தினால் ஐந்து நிலையங்களை ஒரேநாளில் மௌனமாக்கலாம் என்பதை நேயர்கள் அன்று கண்டறிந்தனர். அந்தத் தீர்மானத்திற்குமுன் நேயரின் கருத்தைக் கேட்பதற்கு வழியிருக்கவில்லை.

நேயருக்கு உரிமை உண்டா? இவ்வினாவிற்கு நம் நாட்டு உயர் நீதிமன்றம் தெளிவான விடை கூறியிருக்கின்றது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியிற் பங்குகொண்டு வந்த ஒரு நேயர் நீதிமன்றம் சென்றார். பங்குகொள்ளும் நேயரின் பேச்சுரிமை மீறப்பட்டது என்று 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருப்பவரும் உரிமையுடையவரே என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது.

மறு ஆண்டில் அதனினும் விரிவான தீர்மானமொன்று வந்தது. ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைப்பதற்கான சட்டமூலத்தை 1997இல் அரசாங்கம் கொண்டுவந்தபோது, அது அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்ட அமைப்பாக இல்லை என்று பலர் வழக்காடினர். வானலைகள் பொதுச் சொத்து. பொதுநலனுக்காக அவை பயன்படுத்தப்படுகின்றனவா என்று பார்ப்பது அரசின் கடமை. ஆனால், அதனைச் செய்யும் அமைப்பு அரசாங்கத்திற்குக் கட்டுப்பட்டதாய் இருத்தல் ஆகாது என்று உயர் நீதிமன்றம் கூறிற்று. அந்தச் சட்டமூலம் கைவிடப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1995இல், வானலைகள் பொதுச் சொத்தே என்று இந்திய உச்ச நீதிமன்றமுந் தீர்ப்பளித்திருந்தது. எனினும், நம் நாட்டில் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய அத்தகைய சுதந்திரமான அமைப்பு இன்னும் உருவாகவில்லை. 2023இல் வெளிவந்த மற்றொரு வரைவும் எதிர்ப்பையே சந்தித்தது.

‘பொதுச் சொத்து’ என்னும் சொல்லை மலைநாட்டார் கேட்கும்போது ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வரும். நம் அரசமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையை ‘ஒவ்வொரு பிரசைக்கும்’ உரியது என்று வழங்குகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களை எண்ணிப் பிரித்தது. எஞ்சியோரைப் பற்றிய முடிவு பின்போடப்பட்டது. நிலுவையாய் இருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. பொதுச் சொத்தின் பங்காளிகள் என்று சட்டப்படி கணக்கிடப்படுவதற்கே இம்மக்கள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தனர். அடுத்த பங்கீடு நடைபெறும்போது அவர்கள் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்கலாகாது. எண்முறை வானொலி என்பது அத்தகைய அடுத்த பங்கீடே.

எண்முறை வானொலி என்றால் என்ன? பழைய முறையில் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையின்மீது ஏற்றி அனுப்பப்படுகின்றது. புதிய முறையிலோ குரல் முதலில் எண்களாக மாற்றப்படுகின்றது. அவ்வெண்களே வானிற் செல்கின்றன; பெட்டி அவற்றை மீண்டுங் குரலாக்குகின்றது. வழியிற் சில எண்கள் சிதைந்தாலும், உடன் அனுப்பப்படும் திருத்தக் குறிப்புகளைக் கொண்டு பெட்டியே அவற்றைச் சரிசெய்துகொள்ளும். ஆதலால் இரைச்சல் இல்லை.

மலைநாட்டுக்கு இதனால் இரு நன்மைகள் உண்டு. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன; முகட்டின் மறுபக்கத்தில் நிழல் விழும். நாடெங்கும் கேட்க வேண்டிய நிலையம் பல மலைகளில் ஒலிபரப்பிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அலைவரிசையைப் பெறவேண்டும். எண்முறையில், பல ஒலிபரப்பிகள் ஒரே அலைவரிசையிற் சேர்ந்து இயங்கலாம். மலைச்சரிவில் மோதித் திரும்பும் எதிரொலியுங்கூட உதவியாகும். இரண்டாவது, ‘டாப்’ எனப்படும் முறையில் ஏறக்குறைய ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தொகுதியிற் பத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் செல்லலாம்.

ஒரு தீமையும் உண்டு. பழைய முறையிற் குரல் மங்கினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம். எண்முறையில் அந்த இடைநிலை கிடையாது. ஓர் எல்லை வரை தெளிவாகக் கேட்கும். அதற்கப்பால் முற்றிலும் அற்றுப்போகும். இன்று இரைச்சலோடாவது செய்தி கேட்கும் கீழ்க்கணக்கு லயத்தார், நாளை ஒன்றுமே கேளாதவராகவுங் கூடும். எனவேதான் எந்த முறையைத் தெரிந்தெடுப்பது என்பதே மலைநாட்டார்க்கு ஒரு பெரிய கேள்வி. ‘டாப்’ முறைக்குப் பல ஒலிபரப்பிகள் வேண்டும். ‘டிஆர்எம்’ என்னும் மற்றொரு முறையைப் பழைய மத்திய அலையிலும் சிற்றலையிலும் பயன்படுத்தலாம். மத்திய அலை நிலத்தைத் தழுவி, ஓரளவு மேடுபள்ளங்களையுங் கடந்து செல்லக்கூடியது.

சட்டத்தின் பார்வையிலே இதனினும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. இதுவரை ஒரு நிலையம், ஓர் அலைவரிசை, ஓர் அனுமதிப்பத்திரம் என்று எண்ணிவந்தோம். எண்முறையில் அது இரண்டாகப் பிரிகின்றது. சிறு தோட்டக்காரர் பலர் தத்தம் நிலத்திற் பறித்த கொழுந்து ஒரே தொழிற்சாலைக்குச் சென்று தேயிலையாவதை நாம் அறிவோம். அதுபோல, நிகழ்ச்சி தயாரிக்கும் நிலையங்கள் பல. அவற்றை ஒன்றுசேர்த்து வானில் ஏற்றும் ஒலிபரப்பி ஒன்று. ஆகவே நிகழ்ச்சி தருவோருக்கு ஒரு பத்திரம், ஏற்றி அனுப்புவோருக்கு மற்றொரு பத்திரம் என இருவகை வேண்டும். பிரித்தானியா 1996ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டத்தில் இவ்வாறே பிரித்து வைத்தது. பிரிக்காவிடில் என்ன நேரும்? தொழிற்சாலைக்காரர் தாம் விரும்பாதவரின் கொழுந்தை வாங்க மறுக்கலாம். அல்லது சிறியவர் தாங்கமுடியாத கூலி கேட்கலாம். தமிழில் ஒலிக்கும் ஒரு சிறு வட்டார நிலையம் அங்கேயே நின்றுவிடும்.

உலகின் அனுபவம் நமக்குச் சில பாடங்களைத் தருகின்றது. நோர்வே நம் மலைநாட்டைப்போல் முகடும் பள்ளமும் நிறைந்த நாடு. 2017இல் அந்நாடு தேசியப் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி எண்முறைக்கு மாறிற்று. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. ஆயினும், அது திடீரென மாறவில்லை. பொது வானொலியின் பண்பலை எவ்வளவு மக்களுக்கு எட்டியதோ அவ்வளவு மக்களுக்கு எண்முறையும் எட்டிய பின்னரே பழையதை நிறுத்தலாம் என்று 2011இலேயே நிபந்தனை விதித்திருந்தனர். சிறு வட்டார நிலையங்கள் பலவற்றுக்குப் பண்பலையிலேயே தொடர இடங்கொடுத்தனர். சுவிட்சர்லாந்தின் பொது வானொலி 2024ஆம் ஆண்டின் இறுதியிற் பண்பலையை நிறுத்தியபின் நேயர்களை இழந்தது. இந்தியாவில் அகில இந்திய வானொலி முப்பதுக்கு மேற்பட்ட ‘டிஆர்எம்’ ஒலிபரப்பிகளை நிறுவியது. ஆனால் அதனைக் கேட்கும் பெட்டிகள் மலிவாகக் கடைகளில் வராமையால் வீடுகளிற் கேட்போர் மிகச்சிலரே. ஒலிபரப்பி அமைப்பது எளிது. ஏழையின் கைக்குப் பெட்டி சென்று சேர்வதே அரிது.

நம் நாட்டில் எண்முறை வானொலிக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. தொலைக்காட்சிக்கு 2014இல் ஜப்பானிய எண்முறை தெரிவு செய்யப்பட்டதாயினும் அம்மாற்றமும் நீண்டகாலம் இழுபட்டது. இந்தத் தாமதத்தை ஒரு குறையென்றே கருதவேண்டியதில்லை. பத்திரம் எழுதப்படுமுன் அதில் என்ன இருக்கவேண்டும் என்று கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கின்றது.

மலைநாட்டார் கேட்கத்தக்கவை நான்கு. முதலாவது, எட்டும் பரப்பு. மக்கள்தொகையில் இத்தனை வீதத்தினர் என்று மட்டும் எழுதினால், கொழும்பையும் கண்டியையும் நிரப்பிவிட்டுப் பொகவந்தலாவையின் பள்ளங்களை விட்டுவிட இடமுண்டு. மாவட்டவாரியாக, தோட்டப்பகுதிகளையும் பெயர்சொல்லி எழுதுதல் வேண்டும். இரண்டாவது, மொழி. ஒரு தொகுதியிற் பத்து நிலையங்கள் செல்லுமாயின், நுவரெலியா மாவட்டத்தின்மேல் ஒலிக்கும் தொகுதியிலே தமிழுக்கு எத்தனை இடம் என்பது பத்திரத்திற் காணப்படவேண்டும். மூன்றாவது, பழைய பெட்டி. புதிய பெட்டி நாட்சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலைக்கு வரும்வரை பண்பலையை நிறுத்தலாகாது. நான்காவது, ஆபத்து வேளையின் அறிவிப்பு. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையிற் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தபோது மலைநாடெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டன. மின்சாரமுந் தொலைபேசியும் அறுந்த இடங்கள் பல. அத்தகைய இரவில் மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு பெட்டியே வெளியுலகோடு எஞ்சியிருக்கும் தொடர்பு.

எண்முறை வானொலியில் இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. ஆபத்து அறிவிப்பு வந்தால், உறங்கும் நிலையிலுள்ள பெட்டி தானே விழித்துக்கொண்டு அறிவிப்பு ஒலிக்கும் நிலையத்திற்குத் தாவும். பல மொழிகளில் எழுத்துக்களையுங் காட்டும். ஆனால் இதுவும் தானாய் வந்துவிடாது. ஒலிபரப்புவோர் இதனை அமைக்கவேண்டும், பெட்டியில் இவ்வசதி இருக்கவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் அறிவிக்கவேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை விதித்தாலன்றி நடைபெறாது. நள்ளிரவில் மழை கொட்டும்போது, ஒரு மொழியில் மட்டும் வரும் அறிவிப்பு மற்ற மொழியினர்க்கு இரைச்சலேயாகும். வானொலி ஒன்றே உயிரைக் காத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. பாதுகாப்பான நிலமும் வீடும் முதலில் வேண்டும். ஆயினும், கடைசி வேளையில் எழுந்து ஓடுங்கள் என்று சொல்ல ஒரு குரல் வேண்டுமன்றோ?

அந்தக் குரல் தொலைவிலிருந்து மட்டும் வருதல் போதாது. மலைநாட்டிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மகாவலித் திட்டத்தினால் இடம்பெயர்ந்த மக்களுக்காகத் தோன்றிய சமூக வானொலி முயற்சியின் தொடர்ச்சியாகக் கொத்மலையில் 1989இல் ஒரு வானொலி தொடங்கியது. 1998இல் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணையம் இணைக்கப்பட்டது. கிராமத்தார் கேள்வி அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் விடைதேடி வானொலியிற் கூறுவர். உலகின் பல நாடுகள் வந்து பார்த்துச் சென்ற முயற்சி அது. ஆனால் அது கூட்டுத்தாபனத்தின் குடையின்கீழ் இயங்கிய நிலையமே. சமூகத்தார் தாமே சொந்தமாக ஒரு நிலையம் நடத்துவதற்கு நம் சட்டத்திலே தனிவகை அனுமதிப்பத்திரம் இல்லை. இந்தியாவில் அத்தகைய வகை உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி 2004இல் அதன்படி தொடங்கியது. 2006இலிருந்து தொண்டு நிறுவனங்களும் அவ்வுரிமையைப் பெறலாயின. எண்முறையில் இடம் பெருகும்போது, ஒரு தொகுதியில் ஓரிடத்தைத் தலவாக்கலையிலோ ஹட்டனிலோ உள்ள மக்கள் அமைப்பொன்றுக்கு ஒதுக்கிவைப்பது கடினமான காரியமன்று. அதனைச் சட்டம் எழுதுவோர் நினைக்கவேண்டும். நினைக்கும்படி நாம் கேட்கவேண்டும்.

நேயர்களே, அனுமதிப்பத்திரம் என்பதைக் கொழும்பிலுள்ள கந்தோர் ஒன்றின் கோப்பு என்று நாம் ஒதுக்கிவிடுதல் கூடாது. பிதுருதலாகலையின் 2524 மீற்றர் உச்சியில் நிற்கும் கம்பத்திலிருந்து புறப்படும் அலை எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்த மொழியிற் பேசும், எவரைத் தட்டி எழுப்பும் என்பதை அந்தத் தாளே தீர்மானிக்கின்றது. ஊற்று பொதுவானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழ்க்கணக்கு லயத்தின் குடமும் நிறையும்படி குழாய் போடுவதே இனி நடைபெறவேண்டிய வேலை.